மதுரைப் பாட்டையும் கதையையும் பதிவு செய்யக் கிளம்புகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

என் அலமாரியில் ஒரு மெமரி கார்டு கிடக்கிறது. அதில் 41 கோப்புகள். எல்லாவற்றுக்கும் பெயர் 'பதிவு 1', 'பதிவு 2' என்றுதான். 17-ஆவது கோப்பில் ஒரு அம்மா அழகர் வர்ணிப்பை, அதாவது கள்ளழகரை வர்ணித்துப் பாடும் நீண்ட பாட்டை, நாற்பது நிமிடம் பாடியிருக்கிறார். கேட்டால் மெய் சிலிர்க்கும். ஆனால் அவர் யார், செல்லூரா வில்லாபுரமா, அன்று என்னைக் கூட்டிப்போனது யார் என்று எதுவும் எனக்கு நினைவில்லை. பெயர் தெரியாத, அனுமதி இல்லாத அந்தப் பதிவைக் காப்பகத்துக்கும் கொடுக்க முடியவில்லை, நானாக வெளியிடவும் முடியவில்லை.

இப்படி இரண்டு வருடம் தட்டுத் தடுமாறித்தான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும். மதுரையை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அதுதான். பெரும்பாலானவை உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

1. எதை எடுக்கப் போகிறீர்கள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள்

'மதுரை நாட்டுப்புறப் பாட்டு முழுவதும்' என்று கிளம்பினால் எதுவும் முடியாது. ஒரு வகை, ஒரு பகுதி, பத்து பேர். முதல் வருடத்துக்கு அது போதும்.

மதுரையில் என்னவெல்லாம் கிடைக்கும்? சித்திரைத் திருவிழாவில் பாடும் அழகர் வர்ணிப்பு, பதினெட்டாம்படிக் கருப்பனைப் பாடும் வர்ணிப்பு, முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் பாடும் கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு. நகரத்தில் நடவு எங்கே என்று கேட்காதீர்கள். இன்றைய மாநகராட்சி வார்டுகளில் எத்தனையோ நேற்றுவரை வயலாக இருந்தவை. அங்கே நாற்று நட்ட பாட்டிகள் இப்போது மாடி வீட்டில் பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கதை என்றால் மதுரை வீரன், பாண்டி முனி, அப்புறம் ஒவ்வொரு தெரு முக்குச் சாமிக்கும் ஒன்று. சௌராஷ்டிரர் வீடுகளில் அவர்கள் மொழியிலேயே பாட்டும் கதையும் உண்டு. அதை எடுப்பதென்றால் அந்த மொழி பேசும் ஒருவர் தொடக்கத்திலிருந்தே கூட இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு நான் எடுத்த மூன்று பதிவுகள் இன்னும் எழுத்தாகவில்லை.

2. திருவிழாவில் ஆளைத் தேடுங்கள், பாட்டை எடுக்காதீர்கள்

எல்லோரும் செய்யும் தவறு, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கருவியைத் தூக்கிக்கொண்டு வைகைக்குப் போவது. நானும் போனேன். நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர், போலீஸ் அறிவிப்பு, துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள். என் மைக் நனைந்ததுதான் மிச்சம்.

அந்த நாட்களை ஆள் பிடிக்கப் பயன்படுத்துங்கள். தல்லாகுளத்தில் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் என்று வரிசையாக இரவுகள் இருக்கின்றன. சாமி தங்கிப்போகும் மண்டகப்படிகளின் ஓரத்தில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வர்ணிப்புப் பாடுவார்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள், முடிந்ததும் பேச்சுக் கொடுத்து ஊரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். அவ்வளவுதான் அன்றைய வேலை.

முளைப்பாரிக்கு ஆடி மாதம் அலையுங்கள். ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை: முளைப்பாரி வளர்க்கும் வீட்டுக்குள் வெளி ஆண்களை விடமாட்டார்கள், கேட்பதே தப்பாகப் போகும். நான் என் அத்தையை அனுப்பினேன். என் பதிவுகளிலேயே நல்ல கும்மிப் பாட்டு அவர் எடுத்ததுதான்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2018 முதல் அங்கே செல்போனுக்கே தடை.

பதிவுக்கு நல்ல மாதங்கள் தை, மாசி. சித்திரை, வைகாசியில் மின்விசிறியை நிறுத்தினால் பாடுபவர் வேர்த்து எழுந்து போய்விடுவார். நிறுத்தாவிட்டால் பாட்டு முழுக்க ஒரு உறுமல். மார்கழியில் குளிர்ச்சி இருக்கும், ஆனால் விடியற்காலையிலும் மாலையிலும் கோயில் ஒலிபெருக்கி விடாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளை முன்கூட்டியே செய்தித்தாளில் போடுகிறார்கள், பகுதி வாரியாக. பெரும்பாலும் காலையிலிருந்து மாலை வரை. அன்று அந்தத் தெருவில் டிவி இல்லை, மிக்சி இல்லை, மோட்டார் இல்லை, விசிறி இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் வந்தால் போதும் என்று எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். என் நல்ல பதிவுகளில் பாதி மின்தடை நாளில் எடுத்தவை.

3. கருவியும் செலவும்

கையில் இருக்கும் செல்போனே தொடங்கப் போதும், மூன்று நிபந்தனைகளோடு. ஒன்று, போனுடன் வரும் பதிவுச் செயலி பலவற்றில் ஒலியை நசுக்கிச் சேமிக்கும். ஒலியை நசுக்காமல் 'வேவ்' (WAV) வடிவில் சேமிக்கும் செயலியைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, விமானப் பயன்முறையை இயக்கிவிடுங்கள். மதுரை வீரன் பொம்மியைத் தூக்கும் இடத்தில் எனக்குக் கடன் அட்டை விற்க ஒருவர் அழைத்தார். பதிவு அங்கேயே நின்றுவிட்டது, எனக்குத் தெரியவில்லை. தாத்தா இன்னும் இருபது நிமிடம் சொன்னார், காற்றுக்கு. மூன்று, சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

தொடர்ந்து செய்வதாக இருந்தால் தனி ரெக்கார்டர் வாங்குவது நல்லது. நான் வாங்கியபோது ஆன செலவு இது, விலை ஏறி இறங்கும்:

கையடக்க ரெக்கார்டர் – 10,500 ரூபாய்
சட்டை மைக் – 900
32 ஜிபி மெமரி கார்டு இரண்டு – 900
காதை மூடும் ஹெட்போன் – 1,200
1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு – 9,500
ஜெராக்ஸ், ஆட்டோ, வெற்றிலை பாக்கு, பழம் – வருடத்துக்கு 3,000 போல

ஆக 26,000 ரூபாய். போன் மட்டும் வைத்துத் தொடங்கினால், டிஸ்க்கும் வருடச் செலவும் நீங்கலாக, ஏறக்குறைய இரண்டாயிரத்தில் முடித்துவிடலாம். பணம் குறைவு என்றால் ரெக்கார்டரைத் தள்ளிப்போடுங்கள், இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

கருவியில் வைக்க வேண்டிய ஒலித்தர அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று எம்பி3-யில் எடுக்காதீர்கள். வேவிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3-யில் போன ஒலி திரும்ப வராது.

4. ஒப்புதல்: முத்திரைத்தாளோடு போகாதீர்கள்

இந்த இடத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். சட்டப்படி செய்கிறேன் பேர்வழி என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் அடித்துக்கொண்டு ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன். பாட்டி கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். மகன் வேலையிலிருந்து வந்தார், தாளைப் பார்த்தார். "பத்திரத்துல எதுக்கு எங்க ஆத்தா கைநாட்டு வைக்கணும்? வீட்டை எழுதி வாங்கவா வந்திருக்கீக?" அந்தத் தெருவுக்குள் நான் மறுபடி நுழைய ஆறு மாதம் ஆனது. அவர்மேல் தப்பே இல்லை.

வெள்ளைத்தாள் போதும். தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, வீட்டு ஆள் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். அதோடு பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாகவும் கேட்டு ஒலியிலேயே வைத்துவிடுங்கள். தாள் தொலைந்தாலும் அது இருக்கும். கேட்க வேண்டியவை:

பதிவு செய்யலாமா?
இணையத்தில் எல்லோரும் கேட்கும்படி போடலாமா, அல்லது காப்பகத்தில் மட்டும் இருக்கட்டுமா?
உங்கள் பெயரையும் ஊரையும் போடலாமா?
வேறு யாராவது இதை எடுத்துப் பாடினால், விற்றால் சம்மதமா?
எந்தப் பாட்டையாவது வெளியிட வேண்டாம் என்றால் எது?

நான்காவது கேள்வியை எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். விழுங்காதீர்கள், 8-ஆவது படியில் காரணம் வரும்.

இது மரியாதைக்காக மட்டும் கேட்பது அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, பாடுபவருக்கு நிகழ்த்துநர் உரிமை தருகிறது, 50 ஆண்டுகளுக்கு. பாட்டுப் பழையதாக இருக்கலாம், எழுதியவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். அன்று உங்கள் முன் பாடியது அவருடைய நிகழ்ச்சி. நிகழ்த்துநர் யார் என்று அந்தச் சட்டம் போடும் பட்டியலில் பாம்பாட்டிகூட இருக்கிறார், பாட்டி இல்லாமலா போவார்? இன்னொன்று: வர்ணிப்புகள் பல அச்சுப் புத்தகமாக வந்தவை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக் கடைகளில் விற்ற சின்னப் புத்தகங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்துப் பாடுபவர்கள் உண்டு. அப்படியென்றால் அட்டையையும் உள்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அதற்குப் பதிப்புரிமை உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியிட வேண்டாம்.

பணம்? மேடையில் பாடிப் பிழைப்பவர் என்றால் அவருடைய வழக்கமான கூலியைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். 'பண்பாட்டுச் சேவை' என்று பேசி ஓசியில் எடுப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டுப் பெண்களிடம் முதலிலேயே பணத்தை நீட்டினால் சிலருக்குக் கோபம் வரும். வெற்றிலை பாக்கு, பழத்தோடு போங்கள். முடிந்து கிளம்பும்போது தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆளுக்கு 500 ரூபாய் நான் வைப்பது.

5. பதிவு நாள்

முதல் முறை போகும்போது கருவியைப் பையிலேயே விடுங்கள். இரண்டாம் முறை எடுங்கள்.

இடம் முக்கியம். கூடத்தில் எதிரொலி அடிக்கும், வாசலில் பைக் சத்தம். துணி மடித்து வைத்திருக்கும் அறை நல்லது, மூட்டை முடிச்சு நிறைந்த அறை இன்னும் நல்லது. பிரிட்ஜை நிறுத்தினால் உங்கள் வண்டிச் சாவியை அதன் மேலேயே வைத்துவிடுங்கள், அப்போதுதான் கிளம்பும்போது மறக்காமல் மறுபடி போடுவீர்கள். நான் ஒரு முறை மறந்தேன். ஒரு படி மாவு புளித்துப்போனது, அந்த வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண், சற்றுப் பக்கவாட்டில். ஒலி அளவு காட்டி மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி ஆட வேண்டும், சிவப்பைத் தொடக் கூடாது. ஒலி அளவைக் கருவியே கூட்டிக் குறைக்கும் தானியங்கி வசதியை நிறுத்திவிடுங்கள். உடுக்கை, உறுமி இருந்தால் மைக்கைப் பாடுபவர் பக்கமாக வைத்து நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். முப்பது விநாடி எடுத்து, போட்டுக் கேட்டு, அப்புறம் தொடங்குங்கள். பாட்டுக்கு முன் நீங்களே சொல்லுங்கள்: தேதி, இடம், பாடுபவர் பெயர், வயது, யாரிடம் கற்றது. இந்த இருபது விநாடி இருந்திருந்தால் என் 17-ஆவது கோப்பு அநாதையாகியிருக்காது.

இனி, எந்தக் கருவிக் கையேட்டிலும் இல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். நான் கேட்டேன். "எழவு வீட்டுப் பாட்டை நடுவீட்டுல பாடச் சொல்றியே தம்பி, இந்த வீடு நல்லா இருக்க வேணாமா?" என்றார் அந்த அப்பத்தா. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி கேட்டால் ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. ஊருக்கு வெளியே மரத்தடி, ஆற்றங்கரை, ஆளில்லாத மண்டபம் என்று அவர்களே இடம் சொல்வார்கள். அங்கே போங்கள். சாவு வீட்டில் போய்ப் பதிவு செய்யும் யோசனை வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள்: சும்மா பாடிக் காட்டத் தொடங்கி, மூன்றாவது அடியில் செத்துப்போன மகனையோ புருஷனையோ நினைத்து நிஜமாகவே அழுவார்கள். பதிவை நிறுத்துவதா வேண்டாமா என்று கேட்டால், நான் கருவியைத் தொடமாட்டேன், ஆனால் பேச்சை மாற்றிவிடுவேன். பிறகு அவரிடமே கேட்டு, அழித்துவிடு என்றால் அவர் கண் முன்னால் அழிப்பேன். இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

கருப்பன் பாட்டு உடுக்கையோடு என்றால், பக்கத்தில் சாமியாடுபவர் யாராவது இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். அடி வேகம் கூடினால் அவருக்கு அருள் வந்துவிடும். அதற்குப் பிறகு அது பதிவு அல்ல, பூசை. திருநீறும் சூடமும் தேட வேண்டியிருக்கும். சில பாட்டை விரதம் இல்லாமல் பாட மாட்டார்கள். 'சும்மா ரெண்டு அடி' என்று நச்சரிக்காதீர்கள்.

தாலாட்டுக்கு நேர்மாறு. வெறும் அறையில் பாடச் சொன்னால் நாலு அடியில் மறந்துபோகும். மடியில் ஒரு பிள்ளையைக் கொடுங்கள், வரிசையாக வரும். மாமன் சீர் கொண்டுவரும் அடிகளில் அந்த வீட்டு மாமன்களின் நிஜப் பெயரையே சேர்த்துப் பாடுவார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கிவிட்டால் பாட்டு நின்றுவிடும், அது வேறு கதை.

6. அன்று இரவே செய்து முடிக்க வேண்டியவை

நாளைக்கு என்று தள்ளினால் போயிற்று. கோப்புப் பெயரை மாற்றுங்கள்: தேதி, ஆளின் வரிசை எண், பாட்டின் வரிசை எண். உதாரணமாக 20230715-07-03. தமிழில் பெயர் வைத்தால் சில மென்பொருள்களில் பெயர் கட்டம் கட்டமாகச் சிதறிவிடுகிறது, எண்ணாகவே இருக்கட்டும். ஒரு அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், வயது, பகுதி, பூர்வீக ஊர், பாட்டு வகை, யாரிடம் கற்றது, எங்கே எடுத்தது, ஒப்புதல் எந்த அளவுக்கு, முதல் அடி என்று எழுதுங்கள். பூர்வீக ஊர் அவசியம். மதுரையில் பாடும் பாட்டி உசிலம்பட்டியிலோ சிவகங்கையிலோ பிறந்து வாக்கப்பட்டு வந்தவராக இருப்பார், பாட்டும் அங்கிருந்து வந்ததாக இருக்கும். ஆதார் எண், தொலைபேசி எண் இந்த அட்டவணையில் வேண்டாம். தொடர்பு விவரத்தைத் தனி நோட்டில் வையுங்கள்.

அப்புறம் நகல். இரண்டு டிஸ்க், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறொரு வீட்டில். மூன்றாவது நகல் இணையத்தில். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பீரோவில் வைத்துவிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது நான் பட்ட பாடு போதும். மூன்று நகலும் சேர்ந்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கலாம்.

7. எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பதிவை எழுத எனக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. பாடியவர் பக்கத்தில் இல்லாமல் எழுதினால் இன்னும் கூடும், தப்பும் கூடும். 'அளகரு' என்று பாடினால் 'அளகரு' என்றே எழுதுங்கள். திருத்தி எழுதும் கை சும்மா இருக்காது, கட்டிப்போடுங்கள். விளக்கம் தேவையென்றால் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு அதில் எழுதலாம். கணினி தானாக எழுதித் தரும் கருவிகள் பேச்சுக்கு ஓரளவு உதவுகின்றன. இழுத்துப் பாடும் பாட்டில் எனக்கு உதவவில்லை.

8. எங்கே கொடுப்பது

யூடியூபில் போட்டால் நாலு பேர் கேட்பார்கள், அது சரி. ஆனால் அது காப்பகம் அல்ல. ஒலியை நசுக்கும், உங்கள் கணக்குப் போனால் எல்லாம் போகும். என் கும்மிப் பதிவு ஒன்றில் தூரத்தில் ஒலிபெருக்கிக்காரர் போட்ட சினிமாப் பாட்டு பத்து விநாடி கேட்டதற்காகப் பதிப்புரிமை கோரல் வந்தது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் வேவ் கோப்பையே இலவசமாக ஏற்றலாம், விவரமும் எழுதலாம். விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுக் கோப்புக் களஞ்சியம் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பயன்படும். ஆனால் அங்கே வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில்தான் ஏற்ற முடியும், கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. அதாவது யாரோ ஒருவர் அந்தத் தாலாட்டை எடுத்து விளம்பரத்துக்குப் போட்டாலும் உரிமத்தை வைத்துத் தடுக்க முடியாது. நான்காவது கேள்விக்கு 'சம்மதமில்லை' என்று சொன்னவர் பாட்டை அங்கே ஏற்றாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் வணிகப் பயன்பாடு கூடாது என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது.

நிறுவனத்திடம் கொடுப்பதானால், கள ஒலிப்பதிவுகளை வைப்பாகப் பெற்றுப் பாதுகாக்கும் இடம் குருகிராமில் உள்ள இன இசையியல் ஆவண மையம் (ARCE), 1982-இல் தொடங்கியது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் (நாட்டுப்புறப் பாட்டு, கதை, வழக்கங்களைப் படிக்கும்) துறை இருக்கிறது, ஆலோசனைக்கு நல்ல இடம். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நேரில் போகாதீர்கள். அட்டவணையையும் இரண்டு மாதிரிப் பதிவையும் ஒப்புதல் தாளின் நகலையும் மின்னஞ்சலில் அனுப்பி, என்ன வடிவில் வேண்டும், கேட்க யாருக்கெல்லாம் அனுமதி, பாடியவர் குடும்பம் கேட்டால் பிரதி தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். நான் முதலில் எழுதிய ஓர் இடத்திலிருந்து ஐந்து மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: "விவரப் பட்டியல் இணைக்கவும்."

9. பாடியவருக்குப் பிரதி

ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள், தரம் குறையாது. பென் டிரைவில் எம்பி3-யாகப் போட்டுக் கொடுத்தால் வீட்டு டிவியில் செருகிக் கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போதுதான் "ஐயையோ, நடுவுல ரெண்டு அடி விட்டுட்டேன்" என்பார்கள். உடனே ரெக்கார்டரை எடுங்கள். விட்ட அடி மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து உட்காருவார்.

டிஸ்க்கைப் பற்றி ஒரு வேலை பாக்கி. வருடத்துக்கு ஒரு முறை அவற்றைச் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். நாள் மறந்துபோகும் என்பதால் ஆயுத பூசைக்கு முந்தின நாள் என்று வைத்திருக்கிறேன். பொட்டு வைக்க எப்படியும் வெளியே எடுக்கத்தானே வேண்டும்.